பன்னிரண்டாவது கை

மே 9, வெள்ளி. காலை

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்குப் பிடிக்காதது என்பதற்காக எதையும் விட்டுவிட மாட்டேன். முபீனா மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் இதை அவளிடம் கொடுக்கப்போகிறேன். படித்து முடித்தால் அவளும் என்கூடவே இருந்த மாதிரி இருக்க வேண்டும்.

முபீனா எதிர்வீடு, நூர்ஜஹான் மாமியின் மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்து இடம். பத்தாம் வகுப்புக் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வரும்போதே அவளுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. எங்கள் ஏழாவது வார்டில் நிறையப் பேருக்கு அப்படி. மரக்கடைக்காரர் வீட்டுக் கைக்குழந்தை இறந்தே போனது. புதுக் குழாய் போடுகிறோம் என்று சொல்லி, ஓட்டை விழுந்த பழைய குழாயைச் சாக்கடை வழியாகவே இழுத்துப் புதைத்திருக்கிறார்கள். தோண்டி எடுத்தபோது நானும் போய்ப் பார்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அந்த வேலையை எடுத்துச் செய்தவர் எங்கள் பேரூராட்சித் தலைவரின் மச்சினன்.

ஏழாவது வார்டு கவுன்சிலர் என் அம்மா, தவமணி. ஆனால் ஊரில் எல்லோரும் அப்பாவைத்தான் “கவுன்சிலரே” என்று கூப்பிடுவார்கள். அம்மாவைக் “கவுன்சிலர் சம்சாரம்” என்பார்கள். எனக்கு இது இலக்கணப் பிழை மாதிரி உறுத்தும்.

இன்று திடீரென்று மூன்று பேரும் டூர் போகிறோம் என்கிறார் அப்பா. கிளம்பும் அவசரத்தில் எனக்கு எவ்வளவு மார்க் வரும் என்று வேறு கேட்டார். இதுவரை கேட்டதே இல்லை. முபீனா எனக்குப் படிக்கக் கொடுத்த பறவைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். மலையில் உதவும்.

மே 9. மாலை

எஸ்டேட் பங்களா. சுற்றிலும் காப்பிச் செடி, அதற்குள் மிளகுக்கொடி ஏறிய மரங்கள். வேன் உள்ளே வந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

இது டூர் இல்லை. எங்களுக்கு முன்னாலேயே வேறு இரண்டு கவுன்சிலர்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர் மூன்றாவது வார்டு சீனிக்காளை. வயதானவர், எல்லோரும் பெரியவர் என்பார்கள். இன்னொருவர் பிரிட்டோ சார். வக்கீலுக்குப் படித்துக் கடைசிப் பரீட்சை மட்டும் எழுதாதவர். எங்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார், போஸ் மாமா. தலைவரின் மச்சினன். ஆமாம், அந்த மச்சினனேதான்.

அவர் ஒரு பெரிய பிரியாணி அண்டாவைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தார்.

“எல்லாரும் போனை இதுக்குள்ள போடுங்க. டவரே இல்லாத ஊர்ல போன் எதுக்கு? சார்ஜ்தான் வீணாப்போகும்.”

“டவர் இல்லைன்னா அதைப் புடுங்கி எதுக்குப்பா தம் போடுற?” என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போட்டார்கள்.

அம்மா மட்டும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அதை வாங்கி உள்ளே போட்டார். டங் என்று சத்தம் வந்தது.

மே 10, சனி

பிரிட்டோ சார் எனக்கு விளக்கினார். தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்கள். மொத்தம் பதினைந்து கவுன்சிலர்கள், அதில் பன்னிரண்டு பேர் கை தூக்கினால் தலைவர் பதவி போய்விடும். அந்தப் பக்கம் பதினொரு பேர் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் தலைவரும் இங்கே இருக்கும் மூன்று பேரும். ஓட்டெடுப்பு 19ஆம் தேதி, திங்கள்கிழமை.

“அப்ப நீங்க மூணு பேர்ல ஒருத்தர் கை தூக்கினாலே போதுமா சார்?”

“அதுக்குத்தான் பூட்டு,” என்றார்.

மே 11, ஞாயிறு

மழை. செம்மீசைச் சின்னான் இரண்டு பார்த்தேன். புத்தகத்தில் இருப்பதைவிடக் கொண்டை கூர்மை.

மே 12, திங்கள்

கேட்டுக்குப் பக்கத்தில் போனேன். காவல்காரர், “பாப்பா, அட்டை கடிக்கும், உள்ள போ,” என்றார். இந்தப் பக்கம் கடிக்கிற அட்டை அந்தப் பக்கமும் கடிக்கும்தானே. கேட்கவில்லை.

படிக்க ஒன்றும் இல்லை. பறவைப் புத்தகத்தை இரண்டு தடவை முடித்துவிட்டேன். அலமாரியில் விரித்திருந்த பழைய பேப்பரையும் படித்தேன். அதனால் இவர்கள் ஏன் தலைவரைக் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டு எழுதலாம் என்று தோன்றியது. முபீனா கட்டாயம் கேட்பாள்.

பெரியவர் சொன்னது: “என் மூத்த மகன் லாரியில அடிபட்டுச் செத்தப்ப சொந்தக்காரன் ஒருத்தனும் எட்டிப் பாக்கலை ஆத்தா. தலைவர்தான் வந்தாரு. பாடைக்கு முன்கால் புடிச்சாரு. அவரு தோள்ல என் புள்ள போனான். அவருக்கு எதிரா நான் கையத் தூக்கினா அந்தக் கை வெளங்குமா?”

பிரிட்டோ சார் சொன்னது: “குழாய் டெண்டர் விட்டது போன கவுன்சில் காலத்துல. தீர்மானத்துல அதைச் சொல்லவே இல்லை. ஒருத்தரைத் தண்டிக்கிறதுன்னா முறையா தண்டிக்கணும். தப்பே பண்ணியிருந்தாலும் அதைக் கோர்ட்டு சொல்லட்டும். இல்லையா, அடுத்த தேர்தல்ல ஜனங்க சொல்லட்டும். நடுவுல நாம யாரு?”

“நீங்க கவுன்சிலர் சார்,” என்றேன்.

“வாய் ரொம்ப நீளமா இருக்கே. நீயே வக்கீலுக்குப் படி,” என்றார்.

போஸ் மாமாவிடம் நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். “மச்சான் இப்ப பழைய ஆள் இல்லை. இந்த ஒரு விசயத்துலயே அடிபட்டுத் தெளிஞ்சுட்டாரு. இனிமே ஒரு தப்பு நடக்குமா?” சொல்லிவிட்டுக் கேன் தண்ணீரைச் சாய்த்துக் குடித்தார். பங்களாவில் அருமையான ஊற்றுத்தண்ணீர் வருகிறது. அவர் அதைத் தொடுவதில்லை.

யோசித்துப் பார்த்தால் யார் சொன்னதும் பொய் இல்லை. மகன் செத்தது உண்மை, பாடை தூக்கியது உண்மை, டெண்டர் தேதியும் உண்மையாகத்தான் இருக்கும். அதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

அம்மாவிடமும் கேட்டேன். அவள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அப்பா முந்திக்கொண்டு, “ஊர் ஒத்துமைன்னு எழுதிக்க கண்ணி,” என்றார்.

மே 13, செவ்வாய்

இன்று ஒரு வேடிக்கை.

திங்கள்கிழமைக்குப் போஸ் மாமா ஒத்திகை வைத்தார். சாப்பாட்டு மேஜைக்கு ஒரு பக்கம் மூன்று கவுன்சிலர்களும் உட்கார்ந்தார்கள். அவர் அதிகாரி மாதிரி சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு வந்தார்.

“தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம்!”

பெரியவர் கை விசுக்கென்று மேலே போனது.

“பெரிசு! என்னய்யா பண்ற? தூக்கக் கூடாது!”

“நாம தலைவரை ஆதரிக்கிறவங்கதானப்பா?”

“தலைவரை ஆதரிக்கிறோம். தீர்மானத்தை ஆதரிக்கலை.”

“ரெண்டும் ஒண்ணுதான? தலைவர் கொண்டாற தீர்மானத்துக்கெல்லாம் நான் கை தூக்கியிருக்கேனே.”

“இது தலைவர் கொண்டாறது இல்லைய்யா!”

நான் குறுக்கே புகுந்து விளக்கினேன். தீர்மானத்தின் பெயரிலேயே ‘இல்லா’ இருக்கிறது. அதை ஆதரித்தால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். கையைத் தூக்கினால் தலைவர் போய்விடுவார், சும்மா இருந்தால் இருப்பார்.

“இந்தா, டீச்சரம்மா சொல்லிட்டாங்க. புரிஞ்சுச்சா?” என்றார் போஸ் மாமா. மறுபடி தொண்டையைச் செருமினார். “தீர்மானத்தை ஆதரிப்பவர்கள்…”

பெரியவர் கை மறுபடி எழுந்தது. அவரே அதை இன்னொரு கையால் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். “பழக்கதோசம்ப்பா. ஆதரிப்பவர்கள்னு காதுல விழுந்ததும் கை தானா எந்திரிக்குது. இத்தனை வருசமா அதுதான அதோட வேலை.”

பிரிட்டோ சார் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். வந்ததிலிருந்து அம்மா சிரித்து இன்றுதான் பார்த்தேன். “அண்ணே, அன்னைக்குப் பெரியவர் எம்பக்கத்துல உக்காரட்டும். நான் பாத்துக்கிறேன்,” என்றாள்.

“அதுதான் சரி. கவுன்சிலர் சம்சாரம் பாத்துக்கிடும்,” என்றார் போஸ் மாமா.

மே 14, புதன்

அம்மா அண்டாவில் கை விட்டுவிட்டாள். காலையில் போஸ் மாமா குளிக்கப் போன நேரம். அவள் போனைத் தேடி எடுப்பதற்குள் அவர் துண்டோடு வந்து நின்றார்.

“யாருக்கு தங்கச்சி போன் பண்ணணும்?”

“எதிர்வீட்டுப் புள்ள ஆஸ்பத்திரியில கிடக்கு. எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வச்சிருறேன்.”

“கவுன்சிலர் வரட்டும், கேட்டுக்கிருவோம்.”

“நான்தான கவுன்சிலர்,” என்றாள் அம்மா.

அவர் நல்ல ஜோக்கைக் கேட்டது போலச் சிரித்தார். அண்டாவை மூடி, மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார்.

அப்புறம் அறைக்குள் சண்டை. நான் வராந்தாவில் குக்குறுவான் பறவை கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

“நூருக்கா கையைப் புடிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கேன். அந்தாளை இறக்காம விடமாட்டேன்னு சொல்லியிருக்கேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க வாசல்ல நிப்பேன்?”

“மெதுவாப் பேசு. நான் என்ன எனக்காகவா ஒத்துக்கிட்டேன்?”

“பின்ன?”

அப்பா என்ன சொன்னார் என்று சரியாகக் கேட்கவில்லை. குக்குறுவான் ரொம்பச் சத்தமாகக் கத்தியது.

மே 15, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. கேட் பூட்டியே இருக்கிறது. தினமும் சாப்பாட்டில் கோழி.

மே 16, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது! ஐந்நூற்றுக்கு 481. பள்ளிக்கூடத்திலேயே நான்தான் முதல். முபீனாவின் மார்க் தெரியவில்லை. அவள் பரீட்சை நம்பர் எனக்கு மனப்பாடம், ஆனால் பார்க்கப் போன் இல்லை.

எனக்குச் சொன்னது யார் தெரியுமா? தலைவரே. லட்டு டப்பாவோடு காரில் வந்தார். போஸ்டரில்தான் பெரிதாக இருக்கிறார். நேரில் குள்ளம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. என் தலையில் கை வைத்தார்.

“நம்ம ஊர்ப் பேரைக் காப்பாத்திட்ட ஆத்தா. உன்னை மாதிரிப் புள்ளைக நம்ம ஊர்லயே கிடந்து வீணாப்போகக் கூடாது.”

நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம். அவருடைய சம்பந்தி நடத்துவதாம். எனக்கு அங்கே பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப், ஒரு பைசா கட்ட வேண்டாம், இரண்டு வருடமும். வழவழப்பான ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். ஐந்தாம் பக்கத்தில் அந்தப் பள்ளியின் லைப்ரரி படம். மாடிப்படி வைத்த லைப்ரரி. படத்திலேயே சில புத்தகங்களின் முதுகில் இருக்கும் பெயரைப் படிக்க முடிகிறது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் சயின்ஸ் குரூப் கிடையாது, டீச்சர் இல்லை. டவுனுக்கு அனுப்ப அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், பஸ் சரியில்லை என்பார். டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்று முபீனாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எப்படி என்று இருவருக்கும் தெரியாது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். அப்பாவுக்கும் கண் கலங்கியது. அம்மா தலைவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“தங்கச்சி, அந்தத் தண்ணி விசயத்துல நான் தூங்கி நாளாச்சு,” என்றார் தலைவர்.

“எங்க தெருவுலயும் யாரும் தூங்கலைண்ணே,” என்றாள் அம்மா.

அவர் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

மே 17, சனி

லைப்ரரிப் படத்தை எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு மட்டும் பதினான்கு அலமாரி.

மே 18, ஞாயிறு

மத்தியானம் அம்மா எனக்குத் தலை பின்னினாள். பின்படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஒருபடி மேலே இருந்ததால் எனக்கு அவள் முகம் தெரியவில்லை, அவளுக்கும் என் முகம் தெரிந்திருக்காது. அப்பா உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் கூட்டத்துக்குள்ள அப்பாவை விடமாட்டாங்களாம். கவுன்சிலருங்க மட்டும்தானாம்,” என்றாள்.

“தெரியும்மா.”

“பெரியவரு எம்பக்கத்துலதான் உக்காருவாரு. அவரு கை தானா எந்திரிக்கும்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு பக்கப் பின்னலை முடித்தாள்.

“எந்திரிச்சா எந்திரிச்சதுதான். அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. என்னையும் சொல்ல முடியாது. கிழவர் தெரியாமப் பண்ணிட்டாருன்னு போயிரும்.” ரிப்பனை என் தோள்மேல் போட்டாள். “ஆனா தலைவரு போயிட்டா அந்த ஸ்கூலும் போயிரும் கண்ணி.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எறும்பு ஒன்று லட்டுத் தூள் ஒன்றை இழுத்துக்கொண்டு போனது.

“உன்னைக் கேக்காம நான் எதுவும் பண்ணப் போறதில்லை. சொல்லு.”

நான் சொன்னேன்: “நம்ம ஊர்ல சயின்ஸ் குரூப் இல்லையேம்மா.”

அவ்வளவுதான் சொன்னேன். வேண்டும் என்று சொல்லவில்லை. எதையும் செய் என்றோ செய்யாதே என்றோ சொல்லவில்லை. அது உண்மைதான், யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அம்மா ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். “சரி,” என்றாள்.

மே 19, திங்கள். பிற்பகல். வேனில் எழுதுகிறேன், கை ஆடுகிறது

பேரூராட்சி ஆபீசைச் சுற்றி ஒரே கூட்டம், போலீஸ். படியிலேயே ஒரு போலீஸ்காரர் அப்பாவை மறித்தார்.

“சார், நீங்க கவுன்சிலரா?”

“ஆமா… இல்ல, என் சம்சாரம்.”

“அப்ப நீங்க இங்க நில்லுங்க. அவங்க போகட்டும்.”

அம்மா தனியாக உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் அப்பா இல்லாமல் அந்தக் கதவை அவள் தாண்டி நான் பார்த்ததில்லை.

பக்கவாட்டு ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன். அம்மா, அவளுக்குப் பக்கத்தில் பெரியவர், அப்புறம் பிரிட்டோ சார். தலைவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வரிசையில் பதினொரு பேர். வெளியே, மரத்தடியில், முபீனாவின் அம்மா நூர்ஜஹான் மாமியும் மரக்கடைக்காரர் மனைவியும் நின்றார்கள். மாமியிடம் முபீனா எப்படி இருக்கிறாள் என்று கத்திக் கேட்க நினைத்தேன். அதற்குள் அதிகாரி எழுந்துவிட்டார்.

“தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம்.”

பதினொரு கை எழுந்தது. அப்புறம் பெரியவரின் வலது தோள் அசைந்தது. கை தொடையை விட்டு மேஜைக்கு மேலே வந்தது, வாட்ச் தெரிந்தது, முழங்கை நிமிரத் தொடங்கியது. அதிகாரியின் பேனா அந்தப் பக்கம் திரும்பியது. வெளியே யாரோ “ஏய், ஏய்!” என்றார்கள்.

அம்மா அந்தக் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் பிடித்து, மெதுவாக, குழந்தையின் கையை அடுப்புப் பக்கமிருந்து விலக்குவது போலக் கீழே இறக்கினாள். இறக்கிய பிறகும் விடவில்லை. அதிகாரி எண்ணி முடிக்கும்வரை தன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பதினொன்று. தீர்மானம் தோற்றது.”

வெளியே வெடி போட்டார்கள். மாலை போட்டார்கள். மைக் பிடித்தவர்களிடம் ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். பிரிட்டோ சார் நடைமுறைக் கோளாறு என்றார். பெரியவர் பாடையைச் சொல்லி அழுதார், நிஜமாகவே அழுதார். தலைவர், உண்மை ஜெயித்தது என்றார். அப்பா ஊர் ஒற்றுமையைச் சொன்னார்.

சின்ன வயது நிருபர் அக்கா ஒருத்தி அம்மாவிடம் வந்தாள். “மேடம், உங்க வார்டுலதானே குழந்தை செத்துச்சு? நீங்க ஏன் கை தூக்கலை?”

அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

“எங்க ஊர்ல சயின்ஸ் குரூப் இல்லைம்மா,” என்றாள்.

அந்த அக்கா எழுதிக்கொள்ளப் பேனாவை வைத்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தாள்.

“மலைக்குளிர் ஒத்துக்கலை அவளுக்கு. காய்ச்சல்,” என்றார் அப்பா.

மரத்தடியில் இப்போது யாரும் இல்லை.

மே 19. இரவு

போன் திரும்பக் கிடைத்துவிட்டது. அம்மாவுடையதில் தவறிய அழைப்புகள் நிறைய, எல்லாம் நூர்ஜஹான் மாமி. கடைசியாக ஒரு செய்தி: ‘முபிக்கு குணமாயிருச்சு தவமணி. நாளைக்கு வீட்டுக்கு வாறோம். அவ 463. கண்ணிகிட்ட சொல்லு.’ அது சனிக்கிழமை வந்தது. அம்மா அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை.

463! அவளும் சயின்ஸ் குரூப்தான் கேட்பாள். இங்கே இல்லை.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். பொய் எதுவும் இல்லை. 14ஆம் தேதி குக்குறுவான் அவ்வளவு சத்தமாகக் கத்தவில்லை. மற்றதெல்லாம் சரி.

பறவைப் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். அவர்கள் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் முபீனா தெரிந்தாள். மெலிந்து, தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவர்கள் படியில் கால் வைத்தேன். அவள் நிமிர்ந்தாள். உள்ளேயிருந்து மாமி ஏதோ சொன்னார்.

வீடு சட்டென்று இருண்டது. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தெருவிளக்கு எரிந்தது, எங்கள் வீட்டிலும் எரிந்தது. புத்தகத்தைப் படியில் வைத்துவிட்டு, நோட்டோடு வந்துவிட்டேன். அவர்கள் வீட்டில்தான் விளக்கை அணைத்திருந்தார்கள்.